தற்காலிகக் கேட்காரம்மா

போருக்குப் போன மனிதன் உயிரோடு திரும்பி வந்தால் வாசலில் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. மனைவி ஓடி வருவாள், கையிலிருக்கும் பாத்திரம் கீழே விழும், பக்கத்து வீட்டுக்காரர்கள் மூக்கைச் சிந்துவார்கள். என் அத்தான் திரும்பி வந்த அன்று என் அக்கா அவர் முகத்துக்கு நேராக ரயில்வே கேட்டைச் சாத்தினாள். சாத்தியதோடு விடவில்லை. பூட்டும் போட்டாள்.

அக்காவைக் குறை சொல்ல முடியாது. ஸ்டேஷனிலிருந்து போன் வந்துவிட்டது. சரக்கு வண்டி கிளம்பிவிட்டதென்று சொன்னால் கேட்டை மூடியாக வேண்டும். எதிரே நிற்பது தீயணைப்பு வண்டியா, சவ ஊர்வலமா, சொந்தப் புருஷனா என்ற விசாரணைக்கெல்லாம் ரயில்வேயில் இடம் கிடையாது. இதை அக்காவுக்குச் சொல்லிக் கொடுத்ததே அத்தான்தான்.

போருக்கு முன்னால் அந்தக் கேட் அவருடையது. தண்டவாளமும் பெரிய சாலையும் குறுக்கே வெட்டிக்கொள்ளும் இடம். இரண்டு பக்கமும் சிவப்பு வெள்ளைப் பட்டை அடித்த கேட், பக்கத்திலேயே ஓர் அறையும் அடுக்களையுமாகக் குவார்ட்டர்ஸ். எக்ஸ்பிரஸ் போகும்போது அடுக்களையில் கரண்டிகள் ஒன்றோடொன்று சண்டை போடும். வண்டிக்காரர்கள் அத்தானுக்கு வைத்த பெயர் 'பூட்டு'. ஒருமுறை மூடிவிட்டால் ரயில் முழுதாகப் போய்ச் சேரும்வரை திறக்க மாட்டார். கேட்டுக்கு அடியில் குனிந்து நுழைபவர்களைக் காலரைப் பிடித்து வந்த பக்கமே அனுப்புவார். அப்படி ஒருமுறை பிடிபட்டவர் நீதிபதி. அன்று அவருடைய கோர்ட்டில் எல்லோரும் விடுதலையானார்கள் என்று கேள்வி. அவருக்கு யாரையும் பிடித்து வைக்கும் மனநிலை இல்லையாம்.

என் அப்பாவுக்கு ஜவுளி வியாபாரம். மாப்பிள்ளை பார்த்ததையும் துணி பார்ப்பது போலத்தான் பார்த்தார். திருப்பிப் பார்த்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், கடைசியில் வீட்டுக்கு வந்து சொன்னார்: "ரயில்வே உத்தியோகம்டா. சாயம் போகாது, சுருங்காது." இரண்டு வருஷத்தில் போர் வந்தது. சாயம் போகாத மாப்பிள்ளைக்குக் காக்கிச் சாயம் ஏற்றிக் கொண்டுபோய்விட்டார்கள். அக்காவின் மகள் அப்போது தவழ்ந்துகொண்டிருந்தாள்.

"கைக்குழந்தையை வச்சுக்கிட்டு இந்த ரயிலுக்கு நடுவுல என்ன பண்ணப் போற? கடைக்கு வந்துரு" என்றார் அப்பா.

"கடையில என்ன பண்ணணும்?"

"பிரிச்ச துணியை மடிச்சு வைக்கணும்."

"பத்து வயசுலேர்ந்து அதைத்தானேப்பா பண்ணினேன்" என்றாள் அக்கா.

அந்தச் சமயத்தில் ரயில்வேக்கும் ஆள் கிடைக்கவில்லை. ஆண்பிள்ளை என்று ஒருவன் கண்ணில் பட்டால் போதும், ராணுவம் தூக்கிக்கொண்டிருந்தது. வேறு வழியில்லாமல் அக்காவைக் கேட்கீப்பராகப் போட்டார்கள், 'தற்காலிகம்' என்ற வார்த்தையோடு. அந்த வார்த்தைக்கு வயது ஏறிக்கொண்டே போனது. தவழ்ந்த குழந்தை ஓடியது, பல் விழுந்தது, பேச ஆரம்பித்து நிறுத்தவே இல்லை. அக்கா மட்டும் தற்காலிகமாகவே இருந்தாள்.

இனி, மூடிய கேட்டுக்கு வருவோம்.

நான் குவார்ட்டர்ஸ் வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். எதிர்ப்பக்கத்தில் ஒரு லாரியிலிருந்து அத்தான் இறங்கினார். தோளில் கான்வாஸ் மூட்டை, நெஞ்சில் ஒரு பதக்கம். போகும்போது ஒல்லியாகப் போனவர் வரும்போது நன்றாகத் தேறியிருந்தார். போர் அவர் உடம்புக்கு ஒத்துக்கொண்டது போலத் தெரிந்தது.

"ஏய், நான்தான்!" என்று கையை ஆட்டினார்.

"தெரியுதுங்க. சரக்கு வண்டி சொல்லியாச்சு. அந்தப் பக்கமே நில்லுங்க."

அக்காவின் கை அதற்குள் பூட்டை எடுத்திருந்தது. பூட்டு டக்கென்று விழுந்தது.

அதற்குள் அந்தப் பக்கம் வரிசை சேர்ந்துவிட்டது. வைக்கோல் ஏற்றிய வண்டிக்காரர் ஒருவருக்குப் பொறுக்கவில்லை. "ஏம்மா கேட்காரம்மா, சண்டையிலேர்ந்து வந்த மனுஷன். குனிஞ்சு வரட்டுமே."

"குனிஞ்சு வந்தா அது என் வீட்டுக்காரரா இருக்காது. வேற யாராவது இருக்கும்."

அத்தான் ஒரு கணம் கேட்டின் மேல் கை வைத்தார். முதுகு லேசாக வளைந்ததை நான் பார்த்தேன். வரிசையும் பார்த்தது. காலர் பிடிபட்டவர்கள் அதில் பலர். அவர்கள் அத்தனை ஆசையோடு பார்த்ததில் அத்தானின் முதுகு மறுபடி நிமிர்ந்துவிட்டது.

சரக்கு வண்டி என்பது சொன்ன நேரத்துக்கு வருகிற ஜாதி இல்லை. ஆகவே இத்தனை வருஷப் பிரிவுக்குப் பிறகு கணவனும் மனைவியும் இரண்டு கேட்டுக்கும் ஒரு ஜோடித் தண்டவாளத்துக்கும் குறுக்கே கத்திப் பேச வேண்டியதாயிற்று.

"நல்லா இருக்கியா?"

"இருக்கேன். நீங்க?"

"இருக்கேன்."

அதோடு சரக்குத் தீர்ந்துவிட்டது. இருவரும் தண்டவாளத்தைப் பார்த்தார்கள்.

"அவ்வளவுதானா?" என்றார் வைக்கோல் வண்டிக்காரர், காசு கொடுத்து நாடகம் பார்க்க வந்தவர் போல. "நாங்க வேணா திரும்பி நிக்கிறோம்மா. கூச்சப்படாதீங்க." சொன்னது போலவே வரிசை முழுவதும் திரும்பி நின்றது. காது மட்டும் திரும்பவில்லை.

"அம்மா, யாரு அது?" என்றாள் மகள்.

"உங்கப்பா."

"அப்பான்னா ஏன் அங்க நிக்கிறாரு?"

"வண்டி வருதுல்ல."

அவளுக்கு அந்த விளக்கம் போதுமானதாக இருந்தது. கேட்டில் வளர்ந்த பெண்.

அத்தான் கண்ணைச் சுருக்கி அக்காவைப் பார்த்தார். "அது என் கோட்டுதானே?"

அக்கா போட்டிருந்தது அவருடைய ரயில்வே கோட்டு. "ஆமாங்க."

"கையை ஏன் வெட்டின?"

"நீளமா இருந்துச்சு. கொடி பிடிக்கும்போது முன்னால வந்து விழுந்துச்சு."

"நான் வந்து மறுபடி போட வேண்டாமா?"

அக்கா பித்தளைப் பொத்தானை ஒருமுறை தடவினாள். "இப்போ இது எனக்கு அளவா இருக்குங்க" என்றாள்.

பெரிய போர் முடிந்து சின்னப் போர் தொடங்கிய இடம் அதுதான். திரும்பி நின்ற வரிசைகூட அதைப் புரிந்துகொண்டு தொண்டையைச் செருமியது.

அப்போதுதான் சரக்கு வண்டி வந்தது. நீளமான வண்டி. அதன் பெட்டிகளுக்கு நடுவில் துண்டு துண்டாக அத்தான் தெரிந்தார், மறைந்தார், தெரிந்தார். கடைசிப் பெட்டி வந்தபோது இருவருடைய தலையும் ஒரே சமயத்தில் ஒரே பக்கம் திரும்பியது. கடைசிப் பெட்டியின் பின்னால் வால் விளக்கு இருக்க வேண்டும். அது இருந்தால்தான் ரயில் முழுதாகப் போயிற்று என்று அர்த்தம். இல்லாவிட்டால் நடுவில் எங்கோ கழன்று, பாதி ரயில் பின்னால் அனாதையாக நிற்கிறது. அப்போது யார் வந்து கெஞ்சினாலும் கேட்டைத் திறக்கக்கூடாது. விளக்கு இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அக்கா கேட்டைத் திறந்தாள். பாத்திரம் எதுவும் கீழே விழவில்லை. நான்தான் டீயைக் கொட்டிக்கொண்டேன்.

மறுநாள் டிராலியில் இன்ஸ்பெக்டர் வந்தார். நான்கு பேர் தள்ள, குடைக்குக் கீழே உட்கார்ந்து தண்டவாளத்தின் மேலேயே வருகிற உத்தியோகம். கை நிறையச் செய்தியோடு வந்தார். டிரைவர்கள் தங்கும் ரெஸ்ட் ரூமில் சமையலுக்கு ஆள் நிற்பதில்லை என்ற புலம்பல் முதலில், உத்தரவு அடுத்தது.

"சண்டைக்குப் போனவங்களுக்கு அவங்கவங்க வேலையைத் திருப்பிக் கொடுக்கணும்னு உத்தரவு. அடுத்த வாரம் வந்து ஒரு சோதனை வைப்பேன். கேட்டை மூடணும், கொடி காட்டணும், தண்டவாளத்துல எச்சரிக்கை வெடி வைக்கணும். பாஸ் பண்ணிட்டா கேட் உனக்குப்பா."

"எனக்குங்க?" என்றாள் அக்கா.

இன்ஸ்பெக்டர் சங்கடத்தோடு தொப்பியைக் கழற்றி உள்ளே பார்த்தார். பதில் அங்கே இல்லை. "நீங்க தற்காலிகம்தானேம்மா" என்றார்.

அன்றிலிருந்து அந்த ஓர் அறை வீட்டில் இரண்டு கேட்கீப்பர்கள். ஒரு கடையில் இரண்டு முதலாளி இருந்தால் வேலையாளுக்குக் கொண்டாட்டம் என்பார்கள் எங்கள் தெருவில். இங்கே வேலையாளே கிடையாது, இரண்டும் முதலாளி. ரயில் வரும்போதெல்லாம் அத்தான் அக்காவுக்குப் பின்னால் வந்து நிற்பார்.

"கொடியை இன்னும் கொஞ்சம் தூக்கிப் பிடி."

"டிரைவருக்குத் தெரியுதுங்க."

"நான் இருந்தப்போ இன்னும் தூக்கிப் பிடிப்பேன்."

"நீங்க உசரம். நீங்க இருந்தப்போ கொடியும் புதுசு. உள்ள போங்க, உருளைக்கிழங்கு தீயுது."

அவர் உள்ளே போவார். விசேஷம் என்னவென்றால் உருளைக்கிழங்கு தீயாது. அத்தான் கை பட்ட சமையல் அப்படி ஒரு வாசனை அடித்தது. கேட்டில் காத்திருக்கும் லாரிக்காரர்கள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்து, "கேட்காரம்மா, உள்ள யாரு?" என்று கேட்பார்கள். ஒரே குறை, அளவு. மூன்று பேருக்குச் சமைக்கச் சொன்னால் ஒரு படைக்குச் சமைத்தார். அப்பா வீட்டுக்கு, ஸ்டேஷனுக்கு, டிராலி தள்ளுபவர்களுக்கு என்று வாளி வாளியாக அக்கா விநியோகம் செய்துகொண்டிருந்தாள். எங்கே கற்றார் என்று கேட்டால் பதக்கத்தைத் தடவிக்கொண்டு, "பட்டாளத்துல எல்லாந்தான் கத்துக்கணும்" என்பார்.

கேட்டைப் பற்றி மட்டும் இருவரும் நேருக்கு நேர் பேசவில்லை. நடுவில் தரகனாக நான் மாட்டிக்கொண்டேன். ஜவுளியில் எனக்குப் பழக்கமான தொழில்தான். இரண்டு தரப்பும் சரக்கைப் பிடிக்கவில்லை என்பது போல முகத்தை வைத்துக்கொள்வார்கள். உள்ளுக்குள் இரண்டு பேருக்கும் உயிர் அதில்தான் இருக்கும்.

முதலில் அக்காவிடம் போனேன். அவள் விளக்குத் திரியைக் கத்தரித்துக்கொண்டிருந்தாள்.

"அவர் உயிரோட வந்ததே பெரிசு. கேட்டைக் கொடுத்துட்டுப் போயேன் அக்கா."

"டேய், அப்பா கடையில எத்தனை வருஷம் துணி மடிச்சேன்? ஒரு ஆள் என்னை நிமிர்ந்து பார்த்திருப்பானா? அடுத்த துணியை எடுன்னுதான் சொல்லுவான்." கத்தரியை என் பக்கம் நீட்டினாள். "இங்க நான் கையைத் தூக்கினா எட்டுச் சக்கர லாரி நிக்குது. உள்ள ஒரு தடியன், இந்தா மீசை. அவன் இன்ஜினை அணைச்சிட்டு, 'எப்ப அம்மா திறப்பீங்க'ன்னு கேக்குறான். நான் சொன்னாத்தான் போறான். இதைக் கொடுத்துட்டு நான் எங்க போறது? உருளைக்கிழங்கு வாளி தூக்கவா?"

"அவருக்கும் ஆசை இருக்காதா?"

"இருக்கட்டும். ஆசைப்படறதுக்குத் தடை இல்ல."

அத்தான் கேட்டின் கீலுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். எண்ணெய் விட வேண்டிய அவசியமே இல்லை, காலையில்தான் அக்கா விட்டிருந்தாள்.

"மச்சான், உனக்குத் தெரியாது" என்றார். "அங்க கண்ணை மூடினா எனக்கு இந்தக் கேட்டுதான் வரும். உங்கக்கா வருவா, குழந்தை வரும், இல்லேன்னு சொல்லல. ஆனா அவங்களும் கேட்டுக்கு இந்தப் பக்கம்தான் நிப்பாங்க. கேட் இல்லாம அவங்க தனியா வந்ததே இல்ல."

"பட்டாளத்துல உங்களுக்கு என்ன வேலை அத்தான்? நீங்க சொல்லவே இல்லையே."

சுற்றும் முற்றும் பார்த்தார். "உங்கக்காகிட்ட சொல்லக்கூடாது."

"சேச்சே. என்கிட்டே போயி."

"முதல்ல எனக்குக் கேட்டுதான் கொடுத்தாங்க. முகாமுக்குள்ள ரெண்டு ரோடு குறுக்கே போகும். நடுவுல ஒரு கம்பு. லாரி வரிசை போகும்போது குறுக்கு ரோட்டை நிறுத்தணும், போனதும் திறக்கணும். இவனுக்கு இதுல அனுபவம்னு என்னை நிறுத்தினாங்க. ஒருநாள் பெரிய லாரி வரிசை. இருட்டு நேரம். எல்லாம் போச்சு. கடைசி லாரியைப் பார்க்குறேன், வால் விளக்கு இல்ல."

"ஐயையோ."

"நீயே சொல்லு. விளக்கு இல்லேன்னா என்ன அர்த்தம்? இன்னும் லாரி பின்னால இருக்கு. நான் கம்பை விடல. குறுக்கு ரோட்டுல ஒருத்தர் ஜீப்புல வந்தாரு. தோள்ல நட்சத்திரம். 'ஏன்டா நிறுத்தின?' 'கடைசி வண்டி வரலைங்க.' 'எந்த வண்டி?' 'அது வந்தாத்தாங்க தெரியும்.' அவர் பின்னால இன்னும் ஜீப்பு, பீரங்கி, ஆம்புலன்ஸு... விடிஞ்சப்புறம் பார்த்தா பாதிப் பட்டாளம் என் கம்புக்குப் பின்னால நிக்குது. சண்டையில லாரி எதுவும் விளக்குப் போடக்கூடாதாம்டா. மேலேர்ந்து குண்டு போட்டுருவானாம். எனக்கு யாரும் சொல்லல."

"அப்புறம்?"

"சமையல் கூடாரத்துக்கு மாத்திட்டாங்க." எண்ணெய்க் குப்பியை மூடினார். "இவன் எதையும் நிறுத்த முடியாத இடம் அது ஒண்ணுதான்னாங்க. அங்கேயே கடைசிவரைக்கும். ஊர்ல எல்லாரும் துப்பாக்கி பிடிச்சேன்னு நினைச்சுக்கிட்டிருக்காங்க. நான் கரண்டி பிடிச்சேன்."

"பரவாயில்ல. பத்திரமான இடம்."

"அப்படித்தான் நானும் நினைச்சேன். அடுப்பு இருந்தா புகை இருக்கும்ல? மேலே பறக்குறவனுக்கு அந்தப் புகைதான் அடையாளம். காலைச் சாப்பாட்டுக்கு ஒரு குண்டு, மத்தியானத்துக்கு ஒரு குண்டு. மணி அடிச்ச மாதிரி வரும்." சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் மட்டும் ஒருமுறை அண்ணாந்து வானத்தைப் பார்த்துக்கொண்டார்.

தரகனிடம் ரகசியம் சொல்வது சல்லடையில் தண்ணீர் பிடிப்பது மாதிரி. நேராக அக்காவிடம் போய்க் கொட்டிவிட்டேன். பெரிய ஆயுதம் கிடைத்ததென்று அவள் மகிழ்வாள் என்று பார்த்தால், முகத்தைச் சுளித்தாள்.

"எதுக்குச் சிரிக்கிற? வால் விளக்கு இல்லாம எப்படித் திறப்பாரு? சரியாத்தானே செஞ்சிருக்காரு."

"பட்டாளமே நின்னுச்சுக்கா!"

"நிக்கட்டும். அந்த நட்சத்திரக்காரனுக்கு ஒரு கேட்டுல நிக்கத் தெரியல, அவன் எப்படிச் சண்டை போட்டான்?" என்றாள். திரியை இன்னும் வேகமாகக் கத்தரித்தாள். "என்னைத் தவிர வேற யார்கிட்டயும் சொல்லாத."

தரகு என் கையில் உடைந்தது அப்போதுதான். அவரை விட்டுக் கொடுக்கவும் மாட்டாள், அவருக்குக் கேட்டை விட்டுக் கொடுக்கவும் மாட்டாள். இப்படிப்பட்ட வாடிக்கையாளரை எங்கள் அப்பாவே கும்பிட்டு வெளியே அனுப்பிவிடுவார்.

சோதனை நாள் வந்தது. செய்தி எப்படியோ பரவி, சாலையில் போக வேண்டிய வேலை இல்லாதவர்கள்கூட வண்டியைக் கொண்டுவந்து வரிசையில் நிறுத்தியிருந்தார்கள். வைக்கோல் வண்டிக்காரர் முதல் வரிசை. அப்பா கடையை மூடிவிட்டு வந்திருந்தார். நான் அறிந்து அவர் கடையை மூடியது அதுதான் முதல் தடவை.

அத்தான் பதக்கம் குத்திக்கொண்டு வந்தார். கோட்டு இல்லை. அக்கா அதைக் கழற்றித் தரத்தான் வந்தாள். அவர் போட்டுப் பார்த்தார். கோட்டின் கை முழங்கைவரை வந்து நின்றுவிட்டது. அவளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டுச் சட்டையோடு நின்றார்.

"என்ன மாப்பிள்ளை, தயாரா?" என்றார் அப்பா.

"இதுல என்ன மாமா தயார் ஆகுறது? தூக்கத்துல செய்வேன்."

உண்மையாகவே அப்படித்தான் செய்தார். போன் மணி அடித்ததும் எடுத்தார், திருப்பிச் சொன்னார், கேட்டை மூடினார், பூட்டினார், கொடியை விரித்தார். ஒரு அசைவு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அக்கா வாசல் படியில் நின்று இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தாள். அவர் ஒவ்வொன்றாகச் சரியாகச் செய்யச் செய்ய, அவள் முகத்தில் வெளிச்சம் ஒவ்வொன்றாக அணைந்தது. ஆனால் கொடி நேராக இருக்கிறதா என்று அந்தக் கண் பார்த்துக்கொண்டுதான் இருந்தது.

கடைசியாக வெடி. தகர டப்பி மாதிரி வட்டமாக இருக்கும். ஆபத்தென்றால் அதைத் தண்டவாளத்தில் கட்டிவைக்க வேண்டும். எஞ்சின் சக்கரம் ஏறியதும் வெடிக்கும், டிரைவர் நிறுத்திவிடுவார். போருக்கு முன்னால் அத்தான் அதை மேஜையில் தட்டு வைப்பது போல வைத்துவிட்டுத் தள்ளி நின்று பல் குத்துவார். இப்போதும் நன்றாகவே கட்டினார். தள்ளி வந்து இன்ஸ்பெக்டர் பக்கத்தில் நின்றார். ஸ்டேஷனிலிருந்து ஓர் எஞ்சின் மட்டும் பெட்டி எதுவும் இல்லாமல் மெதுவாக வந்தது. மகள் காதைப் பொத்திக்கொண்டாள்.

வெடித்தது.

அடுத்து நான் பார்த்தபோது அத்தானும் இல்லை, இன்ஸ்பெக்டரும் இல்லை. டிராலி ஆட்கள் கையில் குடை மட்டும் இருந்தது. எட்டிப் பார்த்தால், பக்கத்துச் சாக்கடைப் பள்ளத்தில் சேற்றுக்குள் இன்ஸ்பெக்டர் குப்புறக் கிடந்தார். அவர் மேல் முழு நீளத்துக்கு அத்தான். இரண்டு கையாலும் இன்ஸ்பெக்டரின் தலையை மூடிப் பிடித்திருந்தார்.

வரிசை சிரித்த சிரிப்பில் வண்டிக் குதிரைகள் மிரண்டன. வைக்கோல் வண்டிக்காரர் வண்டியிலிருந்தே விழுந்தார். எஞ்சின் டிரைவர் பாதி உடம்பை வெளியே நீட்டி, "நான் ஒண்ணும் பண்ணலைங்க!" என்று கத்திக்கொண்டே, சோதனைதானே என்று நிறுத்தாமல் போனார்.

சிரிப்பு தானாகத் தேய்ந்தது. ஏனென்றால் அத்தான் எழுந்திருக்கவில்லை.

"தலையைத் தூக்காதீங்க சார்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். "இன்னொண்ணு வரும். எப்பவும் ரெண்டாவது ஒண்ணு வரும்."

"சரிப்பா" என்றது சேற்றுக்குள்ளிருந்து இன்ஸ்பெக்டரின் குரல். "தூக்கல."

அப்பா துண்டால் வாயை மூடிக்கொண்டார். அக்கா படியிலிருந்து இறங்கி, கோட்டோடு பள்ளத்துக்குள் இறங்கினாள். அவர் முதுகில் கை வைக்கவில்லை, பெயரைச் சொல்லவில்லை, அழவும் இல்லை.

"வண்டி போயிருச்சுங்க" என்றாள். "கேட்டைத் திறக்கணும். ஆளுங்க நிக்கிறாங்க."

அத்தானின் தோள் அசைந்தது. மெதுவாகத் தலையைத் தூக்கினார். "விளக்குப் பார்த்தியா?"

"எஞ்சின் மட்டுந்தாங்க. முன்னாலயும் பின்னாலயும் பார்த்துட்டேன். முழுசாப் போயிருச்சு."

அவர் எழுந்தார். சேறு சொட்டச் சொட்ட நடந்துபோய்ப் பூட்டைத் திறந்தார். அவர் திறக்கும்வரை அக்கா கேட் பக்கம் போகவில்லை. வரிசை கடந்து போயிற்று. வைக்கோல் வண்டிக்காரர் மட்டும் கடக்கும்போது தலைப்பாகையைக் கழற்றி, ஏன் கழற்றினோம் என்று தெரியாமல் மறுபடி கட்டிக்கொண்டார்.

இன்ஸ்பெக்டரை நாங்கள் பிடித்துத் தூக்கினோம். மீசையிலிருந்த சேற்றை வழித்தார். நல்ல மனிதர், ஆனால் சட்டப்புத்தகத்தில் பிறந்தவர். "வெடி வெடிச்சதும் கேட்கீப்பர் கேட்டுல இருக்கணும்பா" என்றார் மெதுவாக. "இன்ஸ்பெக்டர் மேல இல்ல."

"தெரியும் சார்."

"மத்ததெல்லாம் சுத்தம். நான் இப்படிப் பார்த்ததே இல்ல. வேணும்னா நாளைக்கு வர்றேன். இன்னொரு வெடி வச்சுப் பார்ப்போம். கொஞ்சம் கொஞ்சமாப் பழகிடும்."

அத்தான் வாயைத் திறப்பதற்குள் அக்கா பேசினாள்.

"வேண்டாம் சார். இன்னொரு வெடி வேண்டாம்."

"வைக்கலேன்னா அவருக்குக் கேட் கிடைக்காதேம்மா."

"அவருக்கே கொடுங்க. வெடி வைக்காம கொடுங்க. வெடி வைக்க வேண்டி வந்தா நான் ஓடிப் போய் வச்சுக்கிறேன்."

என் அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். தன் சரக்கை இலவசமாகக் கொடுக்கிற ஒரு பிள்ளையைப் பெற்றோமே என்ற அதிர்ச்சி அந்தப் பார்வையில் இருந்தது. கூடவே வேறு ஏதோவும் இருந்தது. அது என்னவென்று கேட்டால் கண்ணில் தூசி விழுந்ததென்பார்.

அத்தான் அக்காவைப் பார்த்தார். சேறு பட்ட கோட்டைப் பார்த்தார். அதன் வெட்டின கையைப் பார்த்தார். பிறகு இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினார்.

"சார், டிரைவருங்க தங்குற ரெஸ்ட் ரூம்ல சமையலுக்கு ஆள் இல்லேன்னு சொன்னீங்கல்ல?"

"எவனும் நிக்க மாட்டேங்குறான். முப்பது டிரைவர், முப்பதும் கத்துது. உனக்கெதுக்கு?"

"சண்டை முழுக்க நான் சமையல்தான் சார் பண்ணினேன்." சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார், அக்காவின் முகத்தைப் பார்க்காமல். "கொஞ்சம் பேருக்குச் சமைக்க வரல. முப்பதுன்னா வரும்."

"எனக்குத் தெரியுங்க" என்றாள் அக்கா.

"எப்படித் தெரியும்?"

இருவரும் சேர்ந்து என்னைப் பார்த்தார்கள். நான் டிராலியின் சக்கரத்தை ஆராய்ந்தேன். நல்ல சக்கரம்.

"அப்போ கேட்டுக்கு யார் பேரை எழுத?" என்றார் இன்ஸ்பெக்டர். சேறு காய்ந்து அவருக்கு அரிக்க ஆரம்பித்திருந்தது.

"அவ பேரை எழுதுங்க சார். அந்தத் தற்காலிகத்தை எடுத்துட்டு எழுதுங்க." அத்தான் ஒரு விரலைத் தூக்கினார். "ஆனா ஒண்ணு. சாயங்காலப் பாசஞ்சருக்குக் கொடி நான்தான் காட்டுவேன். தினமும்."

அக்கா கோட்டின் சேற்றை நகத்தால் சுரண்டினாள். ஒரு கணம் முன்னால் மொத்தக் கேட்டையும் தூக்கிக் கொடுத்தவள்தான் இவள். ஆனால் அது கொடை, இது வியாபாரம். இரண்டும் வேறு வேறு என்று எங்கள் வீட்டில் பிறந்த யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை.

"தினமும் எல்லாம் முடியாதுங்க" என்றாள். "ஞாயிற்றுக்கிழமை மட்டும்."

"ஞாயிறு, புதன், வெள்ளி."

"ஞாயிறு. வேணும்னா புதன். பாசஞ்சர் லேட்டா வந்தா நான்தான்."

"அது எப்பவும் லேட்டாத்தானே வரும்?"

"அதுக்கு நான் என்னங்க பண்றது?"

"மாமா," என்று அத்தான் அப்பாவிடம் திரும்பினார், "நீங்களாவது கேளுங்க. இது நியாயமா?"

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "நான் இதுல தலையிட மாட்டேன் மாப்பிள்ளை" என்றார், பூரித்துப் போய். "வெள்ளிக்கிழமையை விட்டுடாதீங்க. இன்னும் கொஞ்சம் இழுத்தா இறங்கி வருவா."